தொப்பியில் எண் இருந்தது

குழுவுக்குப் புதிதாக வந்திருக்கும் தங்கைகளுக்கு,

உங்கள் முதல் கூட்டத்தில் வந்து பேசும்படி, கம்பெனியில் தரம் பார்க்கும் லேப் மேடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மைக்கைக் கையில் கொடுத்தால் எனக்குத் தொண்டையில் மீன் முள் மாட்டியது போல ஆகிவிடும். இந்த நண்டுக் கம்பெனியில் இத்தனை வருடம் வேலை பார்த்தும் என் குரலை முழுதாகக் கேட்டவர்கள் குறைவு. இடுப்பு ஒத்துழைக்காமல் வேலையை விட்டு நின்ற பிறகும் அந்தக் கூச்சம் போகவில்லை. அதனால் எழுதித் தருகிறேன். பத்தாவது வரைதான் படித்தேன். தப்பு இருந்தால் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

பெண்களுக்கு வேலை செய்யும் இடத்தில் தொந்தரவு வந்தால் விசாரிக்கக் கம்பெனிக்குள் ஒரு குழு வேண்டும் என்று சட்டம் வந்து, அதற்குத் தொழிலாளர் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணைக் கேட்டபோது, என்னைக் கைகாட்டியது ராத்தாதான். முஸ்லிம் வீடுகளில் அக்காவை ராத்தா என்பார்கள். எங்கள் மேசையின் மூத்தவர் என்பதால் கம்பெனி முழுக்க அவர் எல்லோருக்கும் ராத்தா.

“இவளப் போடுங்க. இவகிட்ட ஒரு சேதி போச்சுன்னா கெணத்துல போட்ட கல்லுதான்” என்றார். கூடமே சிரித்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு நண்டுக்காலை உடைத்துக்கொண்டிருந்தேன். மறுத்துப் பேச வாய் வரவில்லை. அப்படித்தான் நான் உறுப்பினர் ஆனேன்.

நம்முடைய வேலை உங்களுக்குத் தெரியும், அதை விவரிக்கப் போவதில்லை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். தொப்பி, முகமூடி, கையுறை, ஏப்ரன் எல்லாம் போட்டபின் நம்மில் வெளியே தெரிவது கண் மட்டும்தான். அதனால்தான் தொப்பியின் நெற்றியில் எண். அன்றைக்கு எடைமேடை இப்போது இருக்கும் இடத்தில் இல்லை. ஐஸ் அறைக்குப் போகும் வழியில், பெரிய தூணுக்குப் பின்னால் இருந்தது. நண்டிலிருந்து எடுத்த சதையைத் தட்டில் வைத்து அங்கே கொண்டு போவோம். எடைபார்ப்பவர் எண்ணைப் பார்த்து எடையைக் குறித்துக்கொள்வார், அதற்குத்தான் கூலி. சதையில் ஓட்டுத்துண்டு கிடந்தால் தட்டைத் திருப்பி அனுப்புவார்.

அந்த எடைக்காரரின் பெயர் வேண்டாம். நல்ல வேலைக்காரர், சிரித்த முகம். ஆனால் அவரிடம் எப்படிப் போக வேண்டும் என்பதற்கு எங்களிடம் ஒரு பாடம் இருந்தது. புதிதாக ஒரு பெண் வந்தால் முதல் நாளே ராத்தா அதைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்.

“இந்தா புள்ள, எடைக்குப் போறப்ப ‘அண்ணே, அண்ணே’ன்னு கூப்புட்டுக்கிட்டே போ. கூடம் பூரா கேக்கணும். அண்ணன்னு சொல்லிப்புட்டா ஆம்பளைக்குக் கொஞ்சமாச்சும் கூச்சம் வரும்.”

எல்லோரும் அப்படியே செய்தார்கள். நாள் முழுக்க அந்தத் தூணுக்குப் பக்கத்திலிருந்து அண்ணே, அண்ணே என்று கேட்டுக்கொண்டே இருக்கும். வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு எவ்வளவு பாசமான கம்பெனி என்று தோன்றும். ஏன் அண்ணன் என்று கூப்பிட வேண்டியிருக்கிறது என்று யாரும் யாரிடமும் கேட்டதில்லை.

அந்தச் சமயத்தில்தான் செல்வி வந்தாள். இது அவளுடைய பெயர் இல்லை. குழுவுக்கு வந்தபின் முதலில் படிக்க வேண்டியது இதுதான்: புகார் கொடுத்தவளின் பெயர் நம் வாயிலிருந்து வரக்கூடாது. சட்டமும் அதையே சொல்கிறது. எனக்கு ஒரு மகள் பிறந்திருந்தால் செல்வி என்று வைத்திருப்பேன், அதனால் இந்தப் பெயர்.

பிளஸ் டூ முடித்த பெண். துறுதுறுவென்று இருப்பாள். கம்பெனி வேனில் என் பக்கத்தில்தான் உட்காருவாள். நான் பேசமாட்டேன், அவள் பேசிக்கொண்டே வருவாள். அவளுக்கும் வசதி, எனக்கும் வசதி. கொஞ்ச நாளில் அவள் பேச்சு குறைந்தது. அப்புறம் நின்றே போனது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வருவாள்.

ஒரு மத்தியானம் கை கழுவும் இடத்தில் அவளைப் பார்த்தேன். கையுறை போட்டு வேலை செய்த கை அது. அதை மருந்துத் தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள்.

“அக்கா, நாளையிலேர்ந்து நான் வரல” என்றாள்.

எனக்கு என்ன கேட்பது என்று தெரியவில்லை. குழுவுக்கு வந்தபோது பயிற்சியில் சொல்லிக் கொடுத்தது எல்லாம் மறந்துவிட்டது. “சாப்புட்டியா?” என்றுதான் வாயில் வந்தது.

இல்லை என்று தலையாட்டினாள். என் எலுமிச்சைச் சோற்றைப் பாதி எடுத்து அவள் டிபன் மூடியில் வைத்தேன். வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை நான் எதுவும் கேட்கவில்லை. பெரிய யோசனை செய்து அப்படி இருக்கவில்லை, எனக்குப் பேச வராது. ஆனால் இப்போது சொல்கிறேன் தங்கைகளே, அழுகிற பெண் முன்னால் நாம் பேசாமல் உட்கார்ந்திருக்கும் நேரம் வீணாகப் போவதில்லை. ‘என்ன ஆச்சு, யாரு, எப்ப’ என்று அடுக்கினால் அவள் பதில் தேட ஆரம்பித்துவிடுவாள், நடந்ததைச் சொல்லமாட்டாள்.

டிபன் மூடியைக் கழுவிவிட்டு வந்து அவளே சொன்னாள். எடைக்குப் போகும்போது “மாஸ்க்க எறக்கு புள்ள, யாருன்னு தெரியல” என்பாராம். இறக்கினால் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருப்பாராம். தட்டை வாங்கும் சாக்கில் கையைப் பிடித்துக்கொள்வார், விடமாட்டார். போன் நம்பர் கேட்டார், தரவில்லை. அதன்பின் அவள் தட்டில் மட்டும் தினமும் ஓட்டுத்துண்டு கிடைக்க ஆரம்பித்தது. “என்னைய அனுசரிச்சுப் போனா ஒன் தட்டுல ஓடே இருக்காது” என்று முந்தின நாள் சொன்னாராம். அன்று காலையில் ஐஸ் அறை வாசலில் வழிமறித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

“நான் அண்ணன்னுதான் அக்கா கூப்புட்டேன். ராத்தா சொன்ன மாதிரி சத்தமாத்தான் கூப்புட்டேன்” என்றாள். தன் குரல் போதவில்லையோ என்று நினைக்கிறாள் அந்தப் பிள்ளை.

“எழுதிக் குடுக்குறியா?”

“குடுத்தா வீட்டுக்குத் தெரிஞ்சிரும்க்கா. எங்க தெருவுலேர்ந்து வேலைக்கு வந்த மொத ஆளு நான். அப்பாகிட்ட சாப்புடாம கெடந்துதான் சம்மதம் வாங்குனேன். இது தெரிஞ்சா என்னை நிப்பாட்டிருவாங்க. எனக்கு அடுத்து ரெண்டு மூணு பிள்ளைக, ‘நீ போயிட்டு வா, அதப் பாத்து நாங்களும் வாரோம்’னு காத்துக்கிட்டு இருக்குதுக. ஒருத்தியையும் அனுப்பமாட்டாங்க.”

பேசாமல் இருந்தாலும் வேலை போகிறது, பேசினாலும் போகிறது. அவள் நிலை அதுதான். அதோடு ஒரு தெருவின் வாசலும் அடைபடும்.

“யாருக்கும் தெரியாமப் பாத்துக்குறேன்” என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று எனக்கே தெரியாது.

அன்று சாயந்திரமே அவள் எழுதித் தந்தாள். குழுவில் எங்கள் தலைவி லேப் மேடம். சட்டப்படி வெளி ஆளாகப் புதுக்கோட்டையிலிருந்து ஓர் அம்மா வருவார்கள், பெண்களுக்காக வெகுகாலம் வேலை செய்தவர்கள். அறந்தாங்கியில் பஸ் மாறி வந்து இறங்கும்போதே “எனக்கு முதல்ல ஒரு டீ, அப்புறம்தான் நியாயம்” என்பார்கள். அவர்கள் பெயரையும் சொல்லமாட்டேன், சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். பெரிய ஆள் ஆக்கினால் பிடிக்காது.

மானேஜர் கெட்டவர் இல்லை. ஆனால் முதலில் சொன்னது இது: “அவரையா? எல்லாப் புள்ளைங்களும் அண்ணே அண்ணேன்னு அப்படி ஒட்டிக்கிட்டு இருக்குமே. ஏதாவது தப்பாப் புரிஞ்சிருக்கும். பாதுகாப்புக்கு அந்தப் புள்ளைய பேக்கிங்குக்கு மாத்திருவோம்.”

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் நடு மாதத்தில் ஒரு பெண்ணை மட்டும் மேசையிலிருந்து எழுப்பி பேக்கிங்குக்கு அனுப்பினால், சாயந்திரம் வேன் கிளம்புவதற்குள் அதற்கு ஏழு காரணம் முளைத்துவிடும். ஏழும் அவளைப் பற்றியதாகவே இருக்கும். நான் வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தேன்.

“அவ எடத்துலயே இருக்கட்டுங்க. எடைமேடையில வேற ஆளு நிக்கட்டும்.”

லேப் மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். “தரம் பார்க்க வேண்டியிருக்கு, கொஞ்ச நாளைக்கு எடையை நானே பார்க்கிறேன்” என்றார்கள். எடைக்காரர் வண்டியில் ஏற்றும் பகுதிக்குப் போனார். சட்டப்படி அவருக்குப் புகாரின் நகல் கொடுக்க வேண்டும், கொடுத்தோம். புதுக்கோட்டை அம்மா அவரிடம் சொன்னார்கள்: “இது இந்த அறைக்குள்ள இருக்கணும். வெளியில அந்தப் பொண்ணு பேரு வந்துச்சுன்னா அதுக்கும் நீங்கதான் பதில் சொல்லணும்.” அவர் சட்டென்று தலையாட்டினார். வெளியே தெரியக்கூடாது என்பதில் அவருக்கும் அக்கறை இருந்தது, அவர் வீடும் அதே ஊர்தான்.

அவருடைய பதில் வந்தது. மானேஜர் சொன்ன அதே வார்த்தை. “எல்லாரும் என்னைய அண்ணன்னுதான் கூப்புடுறாக. அண்ணனா நெனைக்காட்டி அப்புடிக் கூப்புடுவாகளா? தங்கச்சிககிட்ட ஒரு மனுசன் அப்புடி நடப்பானா?”

எந்த வார்த்தையை வேலியாகக் கட்டினோமோ, அந்த வேலிக்கு உள்ளே அவர் உட்கார்ந்துகொண்டிருந்தார். ஊர் கேட்கச் சத்தமாகக் கூப்பிட்டோம் அல்லவா, ஊரே அவருக்குச் சாட்சி ஆகிவிட்டது.

அடுத்து செல்வியை விசாரிக்க வேண்டும். மானேஜர் தன் அறையைத் தருகிறேன் என்றார். அந்த அறை உங்களுக்குத் தெரியும், மூன்று பக்கம் கண்ணாடி. கூடத்தில் இருக்கும் எல்லா மேசையிலிருந்தும் உள்ளே தெரியும். மற்றவர்களுக்கு அது ஒரு அறை. என்னைப் போலக் கூச்சப்பட்டே வாழ்ந்தவளுக்கு ஒரு இடத்துக்குள் நுழையும்போதே எங்கிருந்து யார் பார்க்கிறார்கள் என்பது உடம்பில் தெரியும். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் செல்வி அழுதுகொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். ‘யாருக்கும் தெரியாமப் பாத்துக்குறேன்’ என்று சொல்லியிருந்தேனே.

“ஒருத்தியக் கூப்புட வேணாம். எல்லாரையும் கூப்புடுவோம்” என்றேன்.

“எல்லாரையும்னா?” என்றார் மானேஜர்.

“கூடத்துல இருக்குற எல்லாரையும். ஒவ்வொருத்தரா. எல்லார்கிட்டயும் ஒரே கேள்வி. சொல்றதுக்கு ஒண்ணும் இல்லாதவங்களும் அதே நேரம் உக்காந்துட்டு வரணும்.”

“வேலை என்னம்மா ஆகுறது?”

அதற்குக் கடல் பதில் சொன்னது. எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடித்துப்போன மீனவர்களை விடச் சொல்லி அந்த வாரம் ஜெகதாப்பட்டினத்தில் படகுகளைக் கரையில் நிறுத்தியிருந்தார்கள். நண்டு வரத்து இல்லை. ஊரே கவலையில் இருந்தது, எங்கள் மேசைகளும் பாதி காலியாகக் கிடந்தன. மானேஜர் சரி என்றார். கண்ணாடி அறை வேண்டாம் என்று, மாடியில் பழைய தொப்பி, ஏப்ரன் எல்லாம் போட்டு வைக்கும் அறையைக் கூட்டிப் பெருக்கி நாற்காலி போட்டோம். ஒரு பிளாஸ்க் டீ.

உள்ளே வந்த ஒவ்வொருவரிடமும் புதுக்கோட்டை அம்மா ஒரே கேள்வியைக் கேட்டார்கள். “இங்க வேலை செய்யுறதுல ஒங்களுக்குச் சங்கடமா எதும் இருக்காம்மா?” அதற்குப் பிறகு அவர்கள் பேசமாட்டார்கள். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

ஒருத்தி டீயைக் குடித்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று சொல்லி, இன்னொரு டீ கேட்டாள். ஒருத்தி கழிப்பறைத் தாழ்ப்பாள் விழுவதில்லை, ஒரு காலால் கதவை முட்டுக்கொடுத்துக்கொண்டே உட்கார வேண்டியிருக்கிறது என்றாள். சிரித்தோம், பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டோம். அன்றே ஆசாரி வந்து மாற்றினார். செல்வி தன் முறையில் வந்தாள், எல்லோரையும் போல. நடந்ததைச் சொன்னாள், முகத்தைத் துடைத்துக்கொண்டு எல்லோரையும் போலப் போனாள். அவளுக்குப் பிறகு வந்தவர்களில் இளவயதுப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக, கேட்காமலே, எடைமேடையைப் பற்றிச் சொன்னார்கள். ஒருத்தி சொன்னதை மற்றவள் அறியாள். ஆனால் எல்லோரும் சொன்ன முதல் வாக்கியம் ஒன்றுதான்: மாஸ்க்கை இறக்கச் சொன்னார்.

கடைசியில் ராத்தா வந்தார்.

“என்னங்க இது, பொண்ணு பாக்குற மாதிரி ஒவ்வொருத்தியா வரச் சொல்லிக்கிட்டு? எனக்கு இனிமே மாப்புள தேடப் போறியளா?” என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார். அம்மா அதே கேள்வியைக் கேட்டார்கள். ராத்தாவின் சிரிப்பு மெதுவாக இறங்கியது. எடைமேடை விஷயத்தை அவரே தொட்டார்.

“தெரிஞ்சும் ஏம்மா அண்ணன்னு கூப்பிடச் சொன்னீங்க?” என்றார்கள் லேப் மேடம்.

“பாம்பக்கூடத்தான் நல்ல பாம்புங்குறோம். அது நல்லதுன்னா சொல்றோம்? கொத்தாமப் போகட்டும்னு சொல்றோம்.”

லேப் மேடம் பேனாவை மூடினார்கள், மறுபடி திறந்தார்கள்.

“ஒங்ககிட்ட மாஸ்க்க எறக்கச் சொல்லியிருக்காரா?” என்று கேட்டார்கள் அம்மா.

“என்னையவா?” ராத்தா சத்தமாகச் சிரித்தார். “இத்தன வருசத்துல ஒரு நாளு சொன்னதில்லீங்க. இந்த மொகத்தப் பாத்து அவருக்கு என்ன ஆவப்போகுது? தொப்பியில நம்பர் இருக்குல்ல, அதப் பாத்து எழுதிக்குவாரு.”

சொல்லி முடித்தபின்தான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது. சிரிப்பு நின்றது. “அப்ப... புள்ளைககிட்ட மட்டுமா?” என்றார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அடுத்த முறை எடைக்காரரை அழைத்தபோது அவர் மறுபடி அண்ணன், தங்கை என்றுதான் தொடங்கினார். அம்மா குறுக்கிடாமல் முழுதும் கேட்டார்கள். பிறகு கேட்டார்கள்:

“மாஸ்க்க எதுக்கு எறக்கச் சொல்வீங்க?”

“யாருன்னு தெரியணும்லம்மா. ஆள் மாறிப் போச்சுன்னா?”

“தொப்பியில எண் இருக்கே.”

“அவசரத்துல தெரியாதும்மா. எல்லார்கிட்டயும் சொல்றதுதான்.”

“வயசானவங்க யார்கிட்டயுமே சொன்னதில்லையாமே. அவங்க எண்ணு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?”

அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிவரை அந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை.

இதை நீங்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். ஒருத்தியை மறைப்பதற்காகத்தான் எல்லோரையும் கூப்பிட்டேன். ராத்தாவும் மற்ற மூத்தவர்களும் மாடிக்கு வந்தது அதனால்தான். செல்வியை மட்டும் அந்தக் கண்ணாடி அறையில் விசாரித்திருந்தால் அவள் வார்த்தைக்கு எதிராக அவர் வார்த்தை என்று நின்றிருக்கும். ஊருக்குக் கேட்ட ‘அண்ணே’ அவரைக் காப்பாற்றியிருக்கும்.

குழுவின் அறிக்கையின்படி நிர்வாகம் அவரை வேலையிலிருந்து நீக்கியது. தூணுக்குப் பின்னால் இருந்த எடைமேடை கூடத்தின் நடுவுக்கு வந்தது. வேனில் அதைச் சொன்னபோது செல்வி சந்தோஷப்படவில்லை. “அவுக வீட்டுல புள்ளைக இருக்குல்லக்கா” என்றாள். “அத அவருல்ல நெனச்சிருக்கணும்” என்றேன். என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு தூங்கிப்போனாள். எத்தனை நாள் தூக்கமோ.

அதற்குப் பிறகு யார் எழுதிக் கொடுத்தது என்று வேன் முழுக்க ஆராய்ச்சி நடந்தது. எல்லோரும் மாடிக்குப் போய் வந்ததால் யாரையும் சொல்ல முடியவில்லை. ஒருநாள் ராத்தா திரும்பி என்னை உற்றுப் பார்த்தார்.

“அடியே, எழுதிக் குடுத்தது நீதானா? இந்தப் பூனையும் பால் குடிக்குமான்னு இருந்துக்கிட்டு!”

எல்லாக் கண்ணும் என் மேல். என் வாழ்க்கையில் அத்தனை பேர் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்ததில்லை. காது சூடாகிவிட்டது. பக்கத்தில் செல்வி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் ஆராய்ச்சி அடுத்த இருக்கைக்குப் போகும். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்கு நன்றாக வரும் வேலை அது ஒன்றுதான். ராத்தா எழுந்து வந்து என் கன்னத்தைக் கிள்ளி, “எங்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதாடி?” என்று கண்கலங்கினார்.

சேதி என் வீட்டுக்காரர் காதுக்கும் போனது. இரவுச் சாப்பாட்டில் கேட்டார். “நான் இல்லைங்க” என்றேன். “அப்ப யாரு?” என்றார். “சொல்லக்கூடாது” என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, “ரசம் ஊத்து” என்றார். அதோடு சரி.

ராத்தா இன்றும் புதுப் பெண்களுக்குப் பாடம் எடுக்கிறார் என்று கேள்வி. பாடம் மாறிவிட்டது. “எடை பாக்குறவரு எடை பாக்குறவருதான். அண்ணனெல்லாம் வீட்டுல இருக்கான். கையி மேல பட்டா மேல மாடியில சொல்லு.”

தங்கைகளே, எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். சட்டத்தை லேப் மேடம் விளக்குவார்கள். நீங்கள் ஒரு பெண்ணின் முன்னால் உட்காரும்போது அவள் எதை இழக்கப் பயப்படுகிறாள் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அதைக் கையில் பத்திரமாக வைத்துக்கொண்டு பிறகு விசாரணையைத் தொடங்குங்கள்.

காலையில் பால் வாங்கக் கடைக்குப் போகும்போது நம் வேன் என்னைக் கடந்து போகும். வழியில் ஒரு தெருமுனையில் அது நின்று கிளம்பக் கொஞ்சம் நேரமாகும். அத்தனை பிள்ளைகள் அங்கே ஏறுகிறார்கள். டிபன் பையால் ஒருத்தி முதுகில் ஒருத்தி இடித்துக்கொண்டு, ஜன்னலோர இருக்கைக்குச் சண்டை போட்டுக்கொண்டு. டிரைவர் ஹாரன் அடித்துத் திட்டுவார், ஒருத்தியும் கேட்கமாட்டாள். உங்களிலும் சிலர் அங்கேதான் ஏறுகிறீர்கள். ஒரு காலத்தில் அந்த முனையில் ஒரே ஒரு பெண் தனியாக நின்றுகொண்டிருந்தாள்.

எந்தத் தெரு, யார் அவள் என்று என்னிடம் வந்து கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது.